மட்டம் பார்க்காதவர்கள்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதி வருகிறேன். தேர்தல்கள், வரவு செலவுத் திட்டங்கள், சம்பளப் போராட்டங்கள், மண்சரிவுகள் என்று எழுதாதது எதுவுமில்லை. ஆனால் சலவை இயந்திரத்தின் கால்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதத் தகுந்த விடயமா இது என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். பத்திரிகைத்துறை நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பின் மீதுதான் எனக்குக் கோபம்.

இரத்தோட்டையில் என் தங்கையின் வீட்டில் எட்டு மாதங்களாக ஒரு கூத்து நடந்து கொண்டிருந்தது. கட்டாரில் வேலை செய்யும் அவளுடைய மகன் அனுப்பிய பணத்தில், முன்பக்கம் கதவுள்ள சலவை இயந்திரம் ஒன்றை மாத்தளையில் உள்ள கடையொன்றில் வாங்கினார்கள். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. வேறு கடையில் வாங்கியிருந்தாலும் இதுவே நடந்திருக்கும் என்பதுதான் என்னுடைய முறைப்பாடு. இரண்டு பையன்கள் லொறியில் கொண்டு வந்து இறக்கினார்கள். பின்புறப் போல்ட்டுகளைக் கழற்றினார்கள், குழாயை மாட்டினார்கள், செருகியைச் செருகினார்கள், விளக்கு எரிகிறது என்று காட்டினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போய்விட்டார்கள். பத்து நிமிடம். இயந்திரத்துக்கு நான்கு கால்கள் இருப்பதையும், அவை திருப்பக்கூடியவை என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. என் தங்கை கேட்கவில்லை. என் மைத்துனர் அங்கே இருந்தும் இல்லாதவராகவே இருந்தார்.

முதல் நாளே இயந்திரம் நடக்கத் தொடங்கிவிட்டது. துணியைக் கழுவும் வரை அமைதி. தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் சுற்று வந்ததும் தடதடவென்று ஆடி, சுவரிலிருந்து ஒரு சாண் தூரம் முன்னால் வந்து நின்றது. காலுக்கடியில் பெட்டியின் அட்டையை மடித்து வைத்தார்கள். அது ஈரமாகிக் கூழாகியது. ஓட்டுத் துண்டு வைத்தார்கள். அது உடைந்தது. பிறகு ஒரு பழைய இறப்பர் செருப்பின் குதிகாலை வெட்டி வைத்தார்கள். அது நழுவியது. ஒருநாள் இயந்திரம் நடந்த வேகத்தில் குழாய் கழன்று, சமையலறை முழுவதும் தண்ணீர். மின்சாரக் கம்பி அந்தத் தண்ணீரில் கிடந்தது. நல்ல வேளையாக டிரிப் சுவிட்ச் விழுந்தது. விழாத வீடுகளும் நாட்டில் உண்டு.

கடைக்குச் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்துப் பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்தார். கதவைத் திறந்து பார்த்தார், மூடினார். "துணி கூடப் போடுறீங்க" என்றார். வந்து போன செலவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து என் தங்கை ஒரு வழி கண்டுபிடித்தாள். பிழிதல் சுற்று தொடங்கியதும் அடுப்படி வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து, இரு கைகளாலும் இயந்திரத்தின் மேற்பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சுற்று முடியும் வரை ஏறத்தாழ ஒன்பது நிமிடம். வாரத்துக்கு மூன்று முறை. எட்டு மாதம். கையால் துவைக்கும் வேலையிலிருந்து விடுதலை தருவதற்காக வாங்கிய இயந்திரத்துக்கு அவள் கைகளால் முட்டுக்கொடுத்துக் கொண்டு நின்றாள்.

இந்த எட்டு மாதத்தில் நான் மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். முன் அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. "என்ன சத்தம்?" என்று கேட்டேன். "மெஷின் அண்ணே" என்றாள். நான் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினேன். இதையும் எழுதாமல் விட்டால் மற்றவர்களைக் குற்றம் சொல்லும் அருகதை எனக்கு இல்லை.

நிற்க. "துணி கூடப் போடுறீங்க" என்ற அந்த வாக்கியத்தைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். அது பாதி உண்மை. அளவுக்கு மீறித் துணி திணித்தால் இயந்திரம் சிரமப்படும். ஒரே ஒரு தடித்த போர்வையைத் தனியாகப் போட்டால் அது பந்தாகச் சுருண்டு ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இன்னும் மோசமாக ஆட்டும். ஆனால் பாதி உண்மைகளைச் சொல்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தங்கள் பக்கத்துப் பாதியை அவர்கள் சொல்வதில்லை.

கணக்கு எளிது. உருளையின் ஆரம் 25 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1200 தடவை சுழலும்போது அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பொருளின் மீது புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 400 மடங்கு விசை செயற்படுகிறது. அதனால்தான் துணியிலிருந்து தண்ணீர் பிரிந்து ஓடுகிறது. அதே காரணத்தால், ஒரு பக்கத்தில் 300 கிராம் ஈரத்துணி கூடுதலாக ஒட்டிக்கொண்டால், 120 கிலோ எடைக்குச் சமமான ஒரு விசை, வினாடிக்கு இருபது தடவை, உருளையை வெவ்வேறு திசையில் இழுக்கிறது. இயந்திரத்தின் எடையோ அறுபது எழுபது கிலோதான். அதற்குள் கொங்கிறீற் பாளங்களைக் கட்டி வைத்திருப்பதும், உருளையைச் சுருள்வில்களில் தொங்கவிட்டு, அதிர்வைத் தின்னும் தண்டுகளைப் பூட்டியிருப்பதும் இதற்காகத்தான். இந்த ஏற்பாடு முழுவதும் ஒரேயொரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: நான்கு கால்களும் தரையில் உறுதியாக ஊன்றியிருக்கும், பெட்டி சரிந்திராது என்ற நம்பிக்கை. ஒரு கால் ஊன்றாவிட்டால் தரைக்குப் போக வேண்டிய அதிர்வு முழுவதும் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் போடும்.

கொஞ்சம் கெட்டிக்கார இயந்திரமாக இருந்தால், சமநிலை தவறுவதை உணர்ந்து, துணியை மறுபடி பரப்பிப் பார்த்து, அப்போதும் சரிவராவிட்டால் பிழிய மறுத்துவிடும். துணிகள் சொட்டச் சொட்ட உள்ளே கிடக்கும். அதற்கும் பழி வீட்டுப் பெண்ணின் மீதுதான்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். மாத்தளையிலிருந்து ரிவஸ்டன் பக்கம் ஏறும் பாதையில் இருக்கிறது இரத்தோட்டை. பாதையின் ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம். இங்கே சமதரை என்பது இயற்கை தந்ததல்ல, மண்வெட்டி தந்தது. மேற்பக்கம் மண்ணை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் நிரப்பி, அதன் மேல் வீடு கட்டுகிறோம். நிரப்பிய மண்ணைச் சரியாக இடித்து இறுக்காவிட்டால், சில மழைக்காலங்களில் அந்தப் பக்கத் தரை மெல்ல இறங்கும். சுவரில் வெடிப்பு விழுந்தால் பதறுகிறோம், தரை அரை அங்குலம் இறங்கினால் கண்ணுக்குத் தெரிவதில்லை. சலவை இயந்திரத்துக்குத் தெரிகிறது.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. எங்கள் வீடுகளில் இந்த இயந்திரத்துக்கு எந்த இடம் கிடைக்கிறது? குளியலறை ஓரம் அல்லது சமையலறைக்குப் பின்னால் உள்ள தாழ்வாரம். இந்திய உதவியில் தோட்டங்களில் கட்டப்பட்ட 550 சதுர அடி வீடுகளிலும் சரி, பழைய லயன் அறைக்குப் பின்னால் தகரம் அடித்து இழுத்துக் கட்டிய இடத்திலும் சரி, மூலை ஒன்றுதான். தண்ணீர் புழங்கும் அந்தத் தரைக்கு மேசன்மார் வேண்டுமென்றே வாட்டம் விடுகிறார்கள். அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்தால், இரண்டடி அகலமுள்ள இயந்திரத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்கும். தண்ணீர் வடிய வேண்டுமானால் தரை சரிந்திருக்க வேண்டும். இயந்திரம் நிற்க வேண்டுமானால் அது மட்டமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சமாதானம் செய்து வைப்பதற்காகவே அந்த நான்கு திருகுக் கால்களை உற்பத்தியாளன் வைத்து அனுப்புகிறான். நாம் அவற்றைத் தொடாமல் செருப்புத் துண்டைத் தேடுகிறோம்.

வடகீழ்ப் பருவமழையில் இங்கே துணி காய்வது எவ்வளவு பாடு என்பது இங்கு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ரிவஸ்டன் பக்கத்திலிருந்து இறங்கும் மூடுபனியில் பாடசாலைச் சீருடை மூன்று நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். எங்கள் பெண்கள் இந்த இயந்திரத்தைக் கேட்பது கழுவுவதற்காக என்பதைவிடப் பிழிவதற்காகத்தான். ஆகவே வேகம் கூடிய இயந்திரமாகப் பார்த்து வாங்குகிறார்கள். வேகம் கூடக் கூட, மட்டம் பார்க்காத தவறும் பன்மடங்காகப் பெருகும். வேகம் இரண்டு மடங்கானால் உதறும் விசை நான்கு மடங்கு.

கையேட்டைப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். பார்த்தேன். ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது, அரபு இருந்தது. தமிழ் இல்லை. சிங்களமும் இல்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று எழுதி வைத்தது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் வந்தது. இத்தனைக்கும் பிறகு, இரத்தோட்டையில் ஒரு பெண் பல மாதக் கூலியை ஒத்த விலை கொடுத்து வாங்கும் பொருளோடு, அவள் வாசிக்கக்கூடிய ஒரு பக்கம் கூட வருவதில்லை. இதைப் பற்றி ஒரு தலையங்கமே எழுதலாம், எழுதவும் கை துறுதுறுக்கிறது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அந்தக் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. இயந்திரத்தின் கால், அதைத் திருப்பும் ஸ்பேனர், இரு பக்கமும் அம்புக்குறி. படத்துக்கு மொழி எதற்கு? அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காததற்கு அரசியலமைப்பைக் குறை கூறி என் மைத்துனரும் தப்ப முடியாது, கலைப்பட்டதாரியான நானும் தப்ப முடியாது.

அப்படியானால் இயந்திரத்தின் மீது குற்றமே வராதா? வரும். 2016 நவம்பரில் சம்சுங் நிறுவனம் அமெரிக்காவில் மேற்பக்கம் திறக்கும் சலவை இயந்திரங்கள் 28 இலட்சத்தைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பிழியும்போது அதிர்வு மிஞ்சி மேல்மூடி கழன்று பறந்ததாக நூற்றுக்கணக்கான முறைப்பாடுகள் வந்தன, ஒருவருக்குத் தாடை எலும்பு உடைந்தது. அது வடிவமைத்தவர்களின் பிழை. அங்கே அரசாங்கத்தின் ஓர் அமைப்பு விசாரித்தது, நிறுவனம் பொறுப்பேற்றது. இங்கே தங்கையின் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. "கூடப் போடுறீங்க" என்று தீர்ப்பு மட்டும் வந்தது. இயந்திரத்தைக் குறை கூறும் முன்னும், அதை இயக்கும் பெண்ணைக் குறை கூறும் முன்னும், இயந்திரம் நிற்கும் இடத்தைப் பார் என்பதே என் கட்சி.

இந்த முறை போனபோது தங்கை இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நேரில் கண்டேன். அவளோடு பேச வந்திருந்த அயல்வீட்டுப் பெரியம்மாவும் வாசலில் நின்றார். நாற்பது வருடம் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். எழுதப் படிக்கத் தெரியாது. இயந்திரத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "தம்பி, பின்னால இடது பக்கம் எறங்கி இருக்குதே, தெரியலயா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. முன்பு தேயிலைச் செடியின் தலையில் மட்டக்கம்பைக் கிடத்தி, அதற்கு மேல் எழும் கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும். செடியின் மேற்பரப்பு மேசை போல மட்டமாக இருக்க வேண்டும், மலை எவ்வளவு சரிந்திருந்தாலும். மட்டம் தவறினால் கங்காணியின் வாயிலிருந்து என்ன வரும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சரிவிலே நின்று மட்டம் பார்க்கும் கலை இந்த மலைகளில் யாருக்காவது தெரியுமென்றால் அது இந்தப் பெண்களுக்குத்தான். அவர்களைப் பார்த்து இயந்திரத்தைக் கையாளத் தெரியவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார், அதற்குச் செலவும் வாங்குகிறார்!

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சிலருக்குப் பயன்படும். செருப்புத் துண்டைப் பிடுங்கி எறிந்தேன். செருகியைக் கழற்றினேன். மேசன் ஒருவரிடமிருந்து ரசமட்டம் இரவல் வாங்கினேன். கைப்பேசியிலும் மட்டம் காட்டும் செயலி உண்டு, அவசரத்துக்கு அது போதும். ரசமட்டத்தை இயந்திரத்தின் மேல் முதலில் இடமிருந்து வலமாகவும், பிறகு முன்னிருந்து பின்னாகவும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு எழும்புவது பாதி வேலை. ஒவ்வொரு காலின் கழுத்திலும் ஒரு நட் இருக்கிறது. அதைத் தளர்த்திய பிறகே கால் திரும்பும். முதலில் எல்லாக் கால்களையும் இயன்றவரை உள்ளே செலுத்திவிட்டு, தாழ்ந்த மூலையை மட்டும் தேவையான அளவு நீட்ட வேண்டும். கால் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு உறுதி. குமிழி நடுவில் வந்துவிட்டது என்று அத்துடன் விடக்கூடாது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நான்கு கால் உள்ளதுதான் ஏமாற்றும். எதிரெதிர் மூலைகள் இரண்டையும் இரு கைகளாலும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். சற்றேனும் தத்தினால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கிறது என்று பொருள். அதைத் தரையில் ஊன்றும்வரை திருப்புங்கள். கடைசியாக நட்டுகளை மேல்நோக்கி, பெட்டியின் அடியோடு சேர்த்து இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் ஒருமுறை மட்டம் பார்த்த இயந்திரமும் இரண்டு மாதத்தில் மறுபடி ஆடத் தொடங்குகிறது. அதிர்வு கால்களைத் தானாகவே திருப்பிவிடும்.

பின்புறப் போல்ட்டுகளைப் பற்றி ஒரு சொல். லொறிப் பயணத்தில் உருளை அசையாமலிருக்க அவற்றைப் பூட்டி அனுப்புகிறார்கள். கழற்றாமல் இயக்கினால் இயந்திரம் பாழ். மாத்தளையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு வருடம் கழற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். கழற்றினால் எறிந்துவிடவும் கூடாது, வீடு மாறும்போது மறுபடி தேவைப்படும். தங்கை வீட்டுக்கு வந்த பையன்கள் கழற்றியவற்றைக் கூடவே கொண்டு போய்விட்டார்கள்.

மொத்தம் இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதில் பத்து நிமிடம் நான் குனிந்து நிமிர்ந்ததற்கு. அந்த இருபத்தைந்து நிமிடத்தைக் கொடுக்க எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு எட்டு மாதம் எடுத்தது.

சுவீடன் நாட்டுப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010இல் ஆற்றிய ஓர் உரை உலகமெங்கும் பார்க்கப்பட்டது. தன் வீட்டுக்கு முதலாவது சலவை இயந்திரம் வந்த நாளை அதில் நினைவு கூர்ந்தார். வாழ்நாளெல்லாம் விறகு மூட்டித் தண்ணீர் சுடவைத்துக் கையால் துவைத்த அவருடைய பாட்டி, பொத்தானைத் தானே அழுத்துவேன் என்று அடம்பிடித்து, பிறகு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து முழுச் சலவையையும் பார்த்தாராம். மிச்சமான நேரத்தில் தாய் தன்னை நூலகத்துக்கு அழைத்துப் போனார் என்றும் சொன்னார். அந்த உரையை நான் பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன், பெண் விடுதலை பற்றிய கட்டுரை ஒன்றில் எடுத்தாண்டுமிருக்கிறேன். அந்தப் பாட்டி உட்கார்ந்து பார்க்க முடிந்தது, இயந்திரம் நின்ற இடத்தில் நின்றதால்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கும் ஒன்று. அம்மாவுக்கு இயந்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். பணம் போய்ச் சேர்ந்ததா, இயந்திரம் வந்து சேர்ந்ததா என்று கேட்டிருப்பீர்கள். படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருப்பீர்கள். அடுத்த முறை காணொளி அழைப்பில் பேசும்போது, பிழிதல் சுற்று ஓடும் நேரமாகப் பார்த்து, கைப்பேசியை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அம்மாவின் கைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

கால்களை இறுக்கிய பிறகு வெறும் இயந்திரத்தை ஒருமுறை சுழலவிட்டேன். பிறகு துணி போட்டோம். பிழிதல் தொடங்கியதும் தங்கை அடுப்படியிலிருந்து ஓடி வந்து இரு கைகளையும் மேலே வைத்தாள். "விடு" என்றேன். "பழகிப்போச்சு அண்ணே" என்றாள். சுற்று பாதி கடந்த பிறகுதான் ஒரு கையை எடுத்தாள்.

ரசமட்டத்தை மேசனிடம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. செய்தி பரவி, அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். மைத்துனரையும் கூட்டிக்கொண்டு.